எரிகோ மதிலும் டெண்டுக் கொட்டகையும்

பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர் என்றோர் ஊர் உண்டு. அப்பெயரைக் கேட்டதும் நம் வாசகருள் பலருக்கு உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூரும் அங்குள்ள செபமாலை அன்னை ஆலயமுமே நினைவுக்கு வரும். நாம் சொல்வது அதுவன்று. இது சர்க்கரை ஆலை எறையூர். தமிழக அரசின் பொதுத்துறை நிறுவனமாக 1970களில் தோன்றிய பெரம்பலூர் சர்க்கரை ஆலை இவ்வூரில்தான் இருக்கிறது. அரவைப் பருவம் வந்துவிட்டால் கரும்பு ஏற்றிய வண்டிகள் ஆலை வாயிலில் வரிசை கட்டி நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வரிசையில் காத்திருந்த முதியவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தோம். இளமையில் மாட்டுவண்டியில் கரும்பு கொண்டுவந்தவர்; இப்போது மகனுடைய டிராக்டருடன் துணைக்கு வந்திருந்தார். முறை வர விடியும் என்று தெரிந்த இரவுகளில், எருதுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, காவலுக்கு ஓர் ஆளை வைத்துவிட்டு, டெண்டுக் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போவதுண்டு என்றார். அப்படிப் பார்த்தவற்றுள் எது மனத்தில் நிற்கிறது என்று கேட்டோம். எம்.ஜி.ஆர். படம் ஒன்றைச் சொல்வார் என்றே எதிர்பார்த்தோம். அவரோ, "மூணு பசங்க, ஒரு பொண்ணு, ஒரு இந்தி வாத்தியாரு... அந்தப் படந்தாங்க ஐயா" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார், முடிக்க வெகுநேரமாயிற்று.

அவர் சொன்னது கே. பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா'. வெளிவந்த ஆண்டு 1981. அதில் மாளிகை இல்லை, வெளிநாட்டுக் காட்சி இல்லை, வாள் இல்லை, பெருங்கூட்டம் இல்லை. ஒரு தெரு, சில வீடுகள், வேலையற்ற மூன்று நண்பர்கள், புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், அவ்வளவே. கோடிகள் கொட்டி எடுத்த எத்தனையோ படங்கள் மறந்துபோயின. சிறு பணத்தில் எடுத்த இந்தக் காதல் நகைச்சுவை ஏன் ஒரு கரும்பு வண்டிக்காரரின் நெஞ்சில் நாற்பது ஆண்டுக்கும் மேலாகக் குடியிருக்கிறது? இக்கேள்வியே நம்மை இக்கட்டுரைக்கு இட்டுவந்தது.

விடையைத் தேடி முதலில் கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. 1930களில் ஹாலிவுட்டில் பெருநிறுவனங்களின் நிழலில் பிழைத்த சிறு நிறுவனங்களை 'வறுமை வரிசை' என்று ஏளனமாக அழைப்பர். அவ்வரிசையிலிருந்து மேலேறத் துடித்துக்கொண்டிருந்தது கொலம்பியா நிறுவனம். அதன் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா, சிசிலித் தீவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்தின் பிள்ளை. 1934இல் அவர் 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' என்றொரு படம் எடுத்தார். நடிகர் கிளார்க் கேபிளை வேறு நிறுவனத்திடமிருந்து இரவல் வாங்கினார்கள். படப்பிடிப்பு ஏறத்தாழ நான்கே வாரம். கதையும் எளியதே. தந்தையிடமிருந்து தப்பி ஓடும் செல்வர் மகள் ஒருத்தியும், வேலையிழந்த செய்தியாளன் ஒருவனும் பேருந்தில் ஒன்றாகப் பயணம் செய்கிறார்கள். கையில் காசில்லாததால் வழியில் ஒரே அறையில் தங்க நேர்கிறது. இரு கட்டில்களுக்கும் நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, அதன்மேல் ஒரு கம்பளியைப் போடுகிறான் அவன். அதற்கு அவன் இடும் பெயர் எரிகோ மதில். யோசுவாவின் நூலைப் படித்த எவருக்கும் அம்மதில் எப்படி விழுந்தது என்பது தெரியும். படத்தின் முடிவில், முறையான திருமணத்துக்குப் பின், ஒரு விளையாட்டு எக்காளம் ஒலிக்கிறது, கம்பளி விழுகிறது. அவ்வளவுதான் நாம் காண்பது. அந்தப் படம் ஆஸ்கார் விருதுகளில் முதன்மையான ஐந்தையும் ஒருசேரப் பெற்றது.

கையில் பணமிருந்தால் ஆளுக்கோர் அறை எடுத்திருப்பார்கள். கம்பளிக்கு வேலையிருந்திராது, படத்துக்கும் உயிர் இருந்திராது. பாத்திரங்களின் வறுமையும் படமெடுத்தவரின் சிக்கனமும் அங்கே கைகோத்து நிற்கின்றன. காதலுக்குத் தடையாக ஒரு படையையோ பாம்பையோ கொண்டுவர வசதியில்லாதபோது ஒரு கம்பளியே தடையாகிறது. தடை சிறிதானால் மனிதர் பெரிதாகத் தெரிகிறார். அவருடைய கூச்சமும் பொய்யும் தடுமாற்றமும் அருகிலிருந்து தெரிகின்றன. சிரிப்பு அங்கிருந்து பிறக்கிறது. இக்கதை 1956இல் 'சோரி சோரி' என்ற இந்திப் படமாகச் சென்னை ஏவி.எம். நிறுவனத்தின் வழியாகவே வந்தது. இனிய பாடல்கள், ராஜ் கபூர், நர்கிஸ் எல்லாம் அதில் உண்டு. ஆயினும் கம்பளியின் எளிமை நம்மிடம் வந்து சேர்ந்தது அப்படத்தால் அன்று.

நம்மவர்க்கு இக்கலை அந்நியமுமன்று. பம்மல் சம்பந்த முதலியாரின் நகைச்சுவை நாடகத்தைக் கொண்டு 1941இல் வெளிவந்த 'சபாபதி'யில், டி.ஆர். ராமச்சந்திரன் ஏற்ற அசட்டுச் செல்வப்பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தேர்ச்சி பெறவைப்பவள் அவன் மனைவி. கணவனைத் தெய்வமென்று தொழச் சொன்ன படங்களின் காலத்தில், கணவனைக் கண்டு சிரிக்கவும் சிரித்தபடியே அவனை நேசிக்கவும் ஒரு பெண்ணுக்கு உரிமை அளித்த படம் அது.

பிறகு 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. இது வறியவர் படமன்று, வண்ணப்படம். ஆழியாற்றங்கரையின் அழகைக் கண்ணுக்கு விருந்தாக்கிய படம். எனினும் நம் பேச்சுக்கு இதை விடமுடியாது. காரணம் நாகேஷ். அவர் ஏற்ற செல்லப்பா, 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று ஒரு படக்கம்பெனி தொடங்குகிறான். அவனிடம் காமிரா இல்லை, படச்சுருள் ஓரடிகூட இல்லை. இருப்பது பெயர்ப்பலகையும் கதையும் மட்டுமே. தந்தையாக வரும் பாலையாவை உட்காரவைத்து, வாயினாலேயே காற்றையும் கதவையும் காலடி ஓசையையும் எழுப்பி அவன் ஒரு பேய்க்கதை சொல்ல, பாலையாவின் முகம் வெளிறிப்போகும் காட்சியைப் பார்க்காத தமிழர் அரியர். பணமில்லாமல் படமெடுக்கத் துணிந்தவனைப் பற்றித் தமிழில் இதைவிட நல்ல ஓவியம் இல்லை என்பது நம் கருத்து. கோபுவும் ஸ்ரீதரும் அவனை எள்ளி நகையாடினார்கள்; ஆனால் அவர்களுக்கு அவன்மேல் பெரும் பாசம் இருந்திருக்க வேண்டும்.

செல்லப்பாக்களின் காலம் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்சின் டி.ஆர். சுந்தரம் 1963இல் மறைந்தார். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி 1970களில் படத்தயாரிப்பிலிருந்து ஒதுங்கியது. மாதச்சம்பளத்துக்கு ஆளமர்த்தி அரங்கம் கட்டிப் படமெடுத்த முறை தளர்ந்தது. 1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' காமிராவை வயல்வெளிக்கும் திண்ணைக்கும் கொண்டுசென்றது. அதில் உதவி இயக்குநராக இருந்தவர் பாக்யராஜ், கோபிசெட்டிப்பாளையத்துப் பக்கம் வெள்ளாங்கோயிலைச் சேர்ந்தவர், மூக்குக்கண்ணாடி அணிந்தவர், கதாநாயகனுக்குரிய இலக்கணம் எதற்கும் பொருந்தாதவர். பாக்யராஜிடம் உதவியாளராயிருந்து வந்தவர் பாண்டியராஜன். அவர் உருவத்திலும் குள்ளமானவர். அழகர்களை வாங்கப் பணமில்லாத இடத்தில் இயக்குநர்களே நடிக்க இறங்கினார்கள். தெருவில் நாம் காணும் முகங்கள் அப்படித்தான் திரைக்கு வந்தன.

அந்நாளைய வணிகத்தையும் ஒரு சொல் கூறிச் செல்வோம். தமிழகம் படவிநியோகத்துக்கென்று பல ஏரியாக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தவை. படவுலகின் கணக்கில் அவை திருச்சி–தஞ்சை ஏரியா. பெரிய நடிகரின் படமென்றால் எடுத்து முடிக்கும் முன்பே ஏரியாக்கள் விலைபோகும், முன்பணம் வரும். பெயரில்லாதவரின் படத்துக்கு அந்த வசதி இல்லை. கடன் வாங்கி, சுருளை வீணாக்காமல், குறைந்த நாளில் முடிக்க வேண்டும். ஆகவே எழுத்திலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பாக்யராஜின் திரைக்கதை இவ்வளவு செப்பமாக அமைந்ததற்கு அவருடைய திறமை ஒரு காரணமென்றால், திருத்தி எடுக்கப் பணமின்மை மற்றொரு காரணம் என்று நாம் துணிந்து சொல்வோம்.

'இன்று போய் நாளை வா'வில் நண்பர் மூவரும் ராதிகா ஏற்ற பெண்ணின் மனத்தில் இடம்பெற, அவள் குடும்பத்தில் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் அவள் தந்தையிடம் இந்தி கற்கப் போகிறான். ஒரே வாக்கியம், அதன் கடைசிச் சொற்கள் அவன் வாயில் எப்படிச் சுழன்றாலும் 'ரகு தாத்தா' என்றே வந்து விழுகின்றன. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கண்ட தமிழகத்தில், பதினாறு ஆண்டுகள் கழித்து, இந்தி வகுப்பு ஒன்று யாரையும் புண்படுத்தாத சிரிப்பானது சிறு செய்தியன்று. அந்தச் சொற்கள் 2024இல் ஒரு புதிய படத்துக்குத் தலைப்பாகவே வந்தன.

1985இல் வெளிவந்த பாண்டியராஜனின் 'ஆண்பாவம்' இன்னும் எளியது. அண்ணன் பெண் பார்க்கப் போகிறான். வீடு மாறிப்போய் வேறொரு பெண்ணைப் பார்த்து மனத்தைக் கொடுத்துவிடுகிறான். தடையென்று இருப்பது ஒரு தவறான முகவரி. பாட்டியாக வருபவர் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி. பயிற்சி பெற்ற நடிகை எவருக்கும் வராத ஓர் இயல்பு அவருக்கு வந்தது. அவர் பேசும்போது திரை மறைந்து நம் வீட்டுத் திண்ணை தோன்றும். ஆனால் அப்படத்தில் நம்மை நிறுத்துவது வேறொன்று. எந்தப் பெண்ணைப் பார்க்கப் புறப்பட்டானோ, அவள் அலங்கரித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த வேதனையைச் சிரிப்புப் படமொன்று மறைக்கவில்லை. ரேவதியின் முகத்தில் அதைக் காட்டியது.

டெண்டுக் கொட்டகையை அறியாத தலைமுறைக்காகச் சிறிது சொல்ல வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் பெற்று, கூடாரமோ கீற்றுக் கொட்டகையோ அமைத்துப் படம் காட்டுவார்கள். தரை மணல். புரொஜெக்டர் ஒன்றே இருந்ததால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கு விற்பவருக்கு ஒரு மாலையில் மூன்று நான்கு முறை வாய்ப்பு. ஆலயத்தில் மாலை மூவேளைச் செப மணி அடிக்கும் நேரத்தை ஒட்டியே கொட்டகையின் ஒலிபெருக்கியும் பாடத் தொடங்கும். இதனால் பங்குத்தந்தையருக்கு வருத்தம் இருந்தது. அவ்வருத்தம் நியாயமற்றது என்றும் சொல்லமாட்டோம். திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1936இலேயே சினிமாவைப் பற்றித் தனிச் சுற்றுமடல் எழுதியிருக்கிறார். அதில் தீய படங்களைக் குறித்த எச்சரிக்கை உண்டு. நல்ல படங்கள் ஆற்றவல்ல நன்மையைக் குறித்த நம்பிக்கையும் உண்டு. நம் ஊர்களுக்கு எச்சரிக்கை மட்டும் முழுமையாக வந்து சேர்ந்தது.

சிரிப்பை ஐயத்தோடு பார்ப்பது நம் மரபா என்றால், அதுவுமன்று. எறையூருக்குத் தெற்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், தேம்பாவணியை இயற்றிய கையாலேயே பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து அசட்டுச் சீடரையும் படைத்தார். 1822இல் அது லண்டனில் அச்சேறியது. காவியத்துக்கு நாம் விழா எடுக்கிறோம். சீடர்களின் கதையோ விழா எடுக்காமலே குழந்தைகளின் வாயில் வாழ்கிறது.

கொட்டகைக்குத் திரும்புவோம். மணல் தரையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். சில இடங்களில் இடுப்புயரச் சுவர், சில இடங்களில் வெறும் தட்டி. கோவிலிலும் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம் அமர்ந்து பழகிய நமக்கு அது புதிதன்று. அடிதடிப் படமானால் தடுப்புக்கு இப்பாலிருந்து மட்டும் விசில் எழும். கண்ணீர்ப் படமானால் அப்பாலிருந்து மட்டும் விசும்பல் கேட்கும். காதல் நகைச்சுவைக்கே இருபுறமும் ஒரே நொடியில் சிரிப்பெழுந்தது. ஆணின் அசட்டுத்தனத்தைக் கண்டு பெண்கள் ஊரறியச் சிரிக்க, அதை ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்த இடம் நம் சிற்றூர்களில் வேறு எங்கிருந்தது? உடன் படித்த பெண்ணிடம் ஒரு சொல் பேசவும் வழியற்ற இளைஞர்க்கு, பேசத் துணிபவன் எப்படி உளறுவான், உளறினாலும் உலகம் அழிந்துவிடாது என்பதைக் கற்பித்தவை இப்படங்களே. காப்ராவின் கம்பளிக்கு நாம் வைத்திருந்த பெயர்தான் தட்டி.

இதோடு நிறுத்தினால் நாம் உண்மையில் பாதியை மறைத்தவர்களாவோம். 'இன்று போய் நாளை வா' என்ற தலைப்பு எங்கிருந்து வந்தது? கம்பராமாயணத்தின் போர்க்களத்திலிருந்து. படைக்கலமிழந்து வெறுங்கையனாய் நின்ற இராவணனுக்கு இராமன் காட்டிய பெருந்தன்மை அது. படமோ அச்சொல்லைப் பெண்ணைத் துரத்தும் இளைஞர் பக்கம் கொண்டுவந்தது. இன்று மறுக்கப்பட்டவன் நாளை மீண்டும் வரலாம் என்று அதற்குப் பொருள் மாறியது. திரையில் அது சிரிப்பு. பேருந்து நிறுத்தத்தில் தினந்தோறும் வழிமறிக்கப்பட்ட நம் பெண்மக்களுக்கு அது சிரிப்பாயிருக்கவில்லை. பின்னாளில் வந்த பல படங்கள் பாக்யராஜின் நயத்தை விட்டுவிட்டு விடாப்பிடியை மட்டும் எடுத்துக்கொண்டன. படிக்கச் சென்ற பெண்ணை, இந்தத் தொல்லைக்கு அஞ்சி வீட்டில் நிறுத்திய குடும்பங்களை நாம் அறிவோம். அக்குடும்பங்களிடம் இப்படங்களின் இனிமையைப் பற்றிப் பேசும்போது சற்றுத் தாழ்ந்த குரலில்தான் பேச வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. இப்படங்களில் சாதி இல்லை. வீடு மாறிப்போன 'ஆண்பாவம்' மாப்பிள்ளை, ஊர் மாறி, தெரு மாறி, சேரிக்குள் நுழைந்திருந்தால் படம் நகைச்சுவையாக நீடித்திருக்குமா? தவறான முகவரிகூடச் சில எல்லைகளுக்குள்தான் தவறலாம் போலும். 1981இல், பாக்யராஜின் படம் வந்த அதே ஆண்டில், பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' வந்தது. பிராமண இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலிக்க, முடிவில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் கழற்றி எறிகிறார்கள். நம்மால் எளிதில் கடந்துபோக முடியாத முடிவு. சிரிப்புக்கு அங்கே இடமில்லை. 2004இல் பாலாஜி சக்திவேலின் 'காதல்' முதற்பாதியில் நம்மைச் சிரிக்கவைத்துப் பிற்பாதியில் உறையவைத்தது. அதுவும் சிறுசெலவுப் படமே. எங்கே கம்பளி போதுமானதாயிருக்கிறது, எங்கே அதன் பின்னால் உண்மையான கருங்கல் மதில் நிற்கிறது என்பதை இவ்விரு படங்களும் காட்டின.

வீடியோவும் தொலைக்காட்சியும் வந்தன; கொட்டகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சிறுசெலவுக் காதல் நகைச்சுவை சில காலம் ஒளிந்திருந்தது எனலாம். 2010இல் சற்குணத்தின் 'களவாணி' தஞ்சை வயல்களிலிருந்து அதை மீட்டெடுத்தது. அதற்குள் படச்சுருளின் இடத்தை எண்முறைக் காமிரா பிடிக்கத் தொடங்கியிருந்தது. செல்லப்பாவிடம் இல்லாதது இப்போது கல்லூரி மாணவர் கைக்கே எட்டியது. பாலாஜி மோகன் முதலில் குறும்படமாக எடுத்த 'காதலில் சொதப்புவது எப்படி' 2012இல் முழுப்படமானது. அதே ஆண்டில் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்', கிரிக்கெட் ஆடுகையில் தலையில் அடிபட்டு அண்மை நினைவுகளை இழந்த மணமகன் ஒருவனைத் திருமணம் முடியும்வரை நண்பர்கள் ஒப்பேற்றும் கதை. அப்படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமார் வாழ்வில் உண்மையில் நடந்தது அது. 2023இல் வந்த 'குட் நைட்' படத்தில் கணவன் மனைவிக்கு நடுவே நிற்கும் தடை அவனுடைய குறட்டை. கம்பளியில் தொடங்கிய வரிசை குறட்டைக்கு வந்திருக்கிறது. துரத்துபவனின் விடாப்பிடி இங்கே இல்லை. தன்னால் இன்னொருவர் உறக்கம் கெடுகிறதே என்று கூசும் ஓர் ஆண் இருக்கிறான். நாற்பது ஆண்டுகளில் இவ்வளவாவது நடந்திருக்கிறது.

எறையூர் ஆலை வாயிலில் நாம் சந்தித்த முதியவர் பேச்சோடு விடவில்லை. சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, பேரன் இறக்கிக் கொடுத்திருந்த அப்படத்தில் இந்தி வகுப்புக் காட்சியைத் தேடிப் பிடித்தார். பக்கத்து டிராக்டர்களிலிருந்து இருவர் மூவர் இறங்கிவந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தனர். தேநீர்ப் பாத்திரத்துடன் வரிசையில் வந்துகொண்டிருந்த பெண்மணியும் நின்றார். 'ரகு தாத்தா' வந்தது. முதலில் சிரித்தவர் அவரே. "இன்னொரு தடவ போடுங்க பெரியப்பா" என்றார். அதற்குள் முன்னாலிருந்த வண்டி நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஹாரன் ஒலி எழுந்தது. பெரியவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தி, சற்றுப் பொறுக்கும்படி சைகை காட்டினார்.